கனி பாயும் காளை அண்ணனும்

முகம்மது கனியைப் பார்த்து யாராவது சும்மா சிரித்தால்கூட, எதற்குச் சிரித்தார்கள் என்று தெரிகிறவரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது. பால்காரர் என்றைக்காவது கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனால், "இன்னிக்குத் தண்ணி நெறையக் கலந்துட்டான் போல" என்பார். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால், வங்கி எந்தத் தெருவில் இருக்கிறது, எதிர்க்கடை எது, பக்கத்து டீக்கடைக்காரர் பேர் என்ன என்று கேட்டுக்கேட்டு, பேசியவரே போனை வைத்துவிட்டு ஓடும்படி செய்துவிடுவார். மதுரை காஜிமார் தெருவில் இதைக் கேலி பேசாத ஆள் கிடையாது. ஆனால் குறைந்த செலவில் மக்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வெள்ளை ஜிப்பாவும் அத்தர் வாசமுமாக ஒருவர் வந்து தெருவையே மயக்கியபோது, நம்பாமல் நின்றது கனி மட்டும்தான். அந்த ஆள் ஒரு நாள் விடிவதற்குள் காணாமல் போனார். அதற்குப் பிறகு, கேலி பேசியவர்களே எதையாவது வாங்கும் முன் "கனி பாய்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இத்தனைக்கும் அவரும் விற்கிறவர்தான். தெற்குமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கேரம் போர்டு, ஷட்டில் பேட், கபடிக்காரர்களுக்கு முழங்கால் பட்டை, பேர் அடித்த ஜெர்சி, கண்ணாடி அலமாரி நிறையக் கப்புகள். உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ எந்த ஊரில் கபடி நடந்தாலும் கப்பு அவர் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். பந்து வாங்கினால் ஒரு விசில் இலவசம். சுவர் முழுக்க, அவர் கொடுத்த ஜெர்சியோடு கப்பைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஊர் அணிகளின் படங்கள். தயங்குகிற ஆளிடம், "கையில வாங்கிப் பாருங்க, துட்டு பெறகு" என்று பேட்டைக் கையில் திணித்துவிடுவார். கையில் வாங்கியவர் திரும்ப வைப்பது அபூர்வம்.

ஒரு நாள் நல்லகாமன் கடைக்கு வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றின் கபடி அணியை நடத்துகிறவர், கனிக்குப் பல வருட வாடிக்கை. அன்று அவர் போட்டிருந்த சிவப்பு ஜெர்சி இந்தக் கடையில் போனதில்லை என்பதைக் கனி படியேறும்போதே பார்த்துவிட்டார்.

"வாங்க மாப்ள. சட்டை யார்ட்ட எடுத்தது?"

"நெட்ல பாய். கூடல் காளைகள்னு மதுரைக்குப் புதுசா கபடி டீமு வந்திருக்குல்ல, அவுங்க வெப்சைட்டு. நம்ம பயலுக அம்புட்டுப் பேரும் அதுலதான் போட்டாய்ங்க."

நல்லகாமன் தன் போனில் அதைத் திறந்தும் காட்டினார். திமில் சிலிர்த்த ஒரு காளை திரையில் பாய்ந்து வந்து நின்றது. கீழே ஜெர்சியின் படம். அதன் பக்கத்தில், 'இன்னும் கொஞ்சம்தான் இருக்கு' என்று சிவப்பில் மினுங்கியது. அதற்கும் கீழே, இப்போது எத்தனை பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓர் எண் ஏறி ஏறி இறங்கியது. இன்னொரு பக்கத்தில் முதல் ஆட்ட டிக்கெட்டுக்கு ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. பெண்களுக்கு முதல் ஆட்டம் இலவசமாம். அதற்கு அடுத்தது ஒரு படம்: தலையில் விறகுக் கட்டோடு ஒரு தாய். 'இருளாயியின் மகன் இன்று மதுரையின் ரைடர். அந்தத் தாய்க்காக வருவீர்களா?'

"இந்தம்மா எனக்குச் சொந்த அத்தைதான் பாய்" என்றார் நல்லகாமன். "வீட்டுல ரெண்டு கேஸ் சிலிண்டர் வச்சிருக்கு. படம் எடுக்க வந்தவுக, பக்கத்துத் தோட்டத்துல கெடந்த வெறகத் தூக்கிட்டு நடக்கச் சொன்னாகளாம். நாலு தடவ நடந்துச்சாம். கழுத்து வலின்னு ரெண்டு நாளாப் பொலம்புச்சு."

நல்லகாமன் சிரித்தார். கனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை உறுத்தியது விறகு மட்டுமல்ல. ஜெர்சிப் படத்துக்கு மேலே, 'கையில வாங்கிப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க' என்று எழுதியிருந்தது. இரண்டு வாங்கினால் ஒரு விசில் இலவசம். பக்கத்தின் அடியில் ஊர் அணிகளின் படங்கள், எல்லோர் கையிலும் கப்பு. தன் கடையை யாரோ அப்படியே தூக்கி அந்தப் போனுக்குள் வைத்துவிட்டதுபோல அவருக்கு இருந்தது.

யார்? முதல் சந்தேகம் பரீத் மேல் விழுந்தது. கனியின் அண்ணன் மகன், இரண்டு வருடம் இந்தக் கடையில் நின்றவன், இப்போது தனியாக போன் கடை வைத்திருக்கிறான். கனி அவன் கடைக்குப் போய், போன் உறை வாங்குவதுபோல் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"சித்தப்பா, அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்கு அம்புட்டு எழுத வந்தா நான் ஏன் இங்க போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருக்கேன்?" என்றான் பரீத். கேட்காமலே சத்தியம் செய்தது கனிக்குப் பிடிக்கவில்லை.

அந்த வெப்சைட்டின் அடியில், பொடி எழுத்தில், அலுவலகம் ஆனையூர் என்று போட்டிருந்தது. கனியின் மகள் ஷிபா பி.காம் முடித்துவிட்டு ஆனையூரில்தான் ஓர் ஆடிட்டரிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது மகளிடம் சொன்னார்.

"ஏம்மா ஷிபா, ஒங்க ஆபீஸ் பக்கம்தான் போல. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன். ஆளுக எப்படி, நெசமாவே ஆபீஸ் இருக்கான்னு."

ஷிபா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பார்க்குறேன் அத்தா" என்றாள். மறுநாள் வந்து, "போனேன், பூட்டியிருந்துச்சு" என்றாள். வேலை நாளில் பூட்டிக் கிடக்கிற அலுவலகம்! கனிக்கு வேறென்ன வேண்டும்? அடுப்படியில் நின்ற மனைவி மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு, "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார். மெஹருன்னிசா குழம்புச் சட்டியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

நேரில் போவதற்கு முன் உள்ளே நுழைந்து வேவு பார்ப்பது என்று கனி முடிவு செய்தார். வெப்சைட்டின் ஓரத்தில், துண்டு கட்டிய குட்டிக் காளை ஒன்று தலையாட்டிக்கொண்டிருக்கும். 'நான்தான் காளை அண்ணன். என்ன வேணும்னாலும் கேளுங்க.' மதியம் லுஹர் தொழுகை முடிந்து வந்தால் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அழகுபாண்டி என்று ஒரு பொய்ப் பேரையும், யாருக்கும் அதிகம் கொடுக்காத இரண்டாவது போன் நம்பரையும் போட்டு அவர் உள்ளே போனார்.

'ஜெர்சி நெசமாவே தீரப்போகுதா?' என்று தட்டினார்.

'வேகமாப் போகுது அண்ணே. உங்களுக்கு என்ன சைஸு?'

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சைஸ் கேட்பது! அதுவும் அவர் கடை வித்தைதான். 'எம்புட்டு இருக்குன்னு சொல்லுங்க, பெறகு சைஸ் சொல்றேன்' என்று தட்டினார். பிறகு, 'நீங்க வெவரமான ஆளு அண்ணே' என்று வந்தது. கனி தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மதியம் அவர் குடைவார், காளை அண்ணன் நழுவுவார். ஓடுகிற கடிகாரம் முடிந்தால் என்ன ஆகும் என்று காத்திருந்து பார்த்தார். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. 'என்னய்யா இது?' என்று கேட்டார். 'டிக்கெட் இன்னும் இருக்குல்ல அண்ணே, அதான் நேரத்தையும் கூட்டிட்டோம்' என்று பதில் வந்தது. பொய்தான். ஆனாலும் அந்தப் பொய்யில் ஒரு மரியாதை இருந்தது. எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல், அண்ணே அண்ணே என்று அழைத்து, சாப்பிட்டீங்களா என்று விசாரித்தது. இந்த வயதில் மதியச் சாப்பாட்டைப் பற்றி அவரை யார் விசாரிக்கிறார்கள்? இந்த அன்புக்குப் பின்னால் என்னத்தை விற்கப்போகிறார்கள் என்ற சந்தேகத்தோடேயே அவர் அதற்குப் பழகிவிட்டார்.

ஒரு நாள், வேவு பார்க்க வந்ததையே மறந்து அவர் எழுதினார்: 'எனக்கு ஒரு மக இருக்கா. மாப்பிள்ளை பாக்குறோம். எதச் சொன்னாலும் சரிங்கிறா. ஆனா மனசுல என்ன இருக்குன்னு தெரியல. முன்ன மாதிரி எங்கிட்டப் பேசுறதில்ல.'

திரையில் வெகுநேரம் மூன்று புள்ளிகள் வருவதும் போவதுமாக இருந்தன. பிறகு வந்தது: 'அவங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே கேட்டுப் பாருங்களேன் அண்ணே. கேட்டா சொல்லுவாங்க.'

அன்று சாயங்காலமே கனி கேட்டார். ஷிபா தலையைக் குனிந்துகொண்டே, "ரெண்டு வருசம் போகட்டும் அத்தா. வேலை இப்பத்தான் பிடிபடுது" என்றாள். கனி சரி என்றுவிட்டார். கேட்டதும் சொல்லிவிட்டாளே என்று மனசு குளிர்ந்துபோயிருந்தது. மறுநாள் காளை அண்ணனுக்கு நன்றி எழுதினார்.

பனி இறங்கத் தொடங்கிய மாதம் அது. கனிக்கு நெஞ்சுச்சளி கட்டி, இருமல் விடவில்லை. ஒரு மதியம் டிக்கெட்டைப் பற்றி அவர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தபோது காளை அண்ணன் எழுதினார்: 'இருமிக்கிட்டே உக்காந்து டைப் பண்ணாதீங்க. சித்தரத்தைய வாயில போட்டு அடக்கிக்கங்க.'

கனியின் விரல் அப்படியே நின்றுவிட்டது. இருமலைப் பற்றி அவர் ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை. சித்தரத்தை அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. காலையில் மெஹருன்னிசா கொடுத்தது. அவர் போனை மெதுவாகக் குப்புற வைத்தார். ஒட்டுக் கேட்கிறார்கள்! பரீத் முன்பே சொல்லியிருக்கிறான், இந்தப் போன்கள் நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று. இருமலைக் கேட்டவர்கள் வேறு எதைத்தான் கேட்டிருக்க மாட்டார்கள்? வீட்டுக்குப் போனதும் போனைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். மனைவியிடமும் மகளிடமும் சைகையிலேயே பேசினார். ஷிபாவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

காலையில், கடையைத் திறக்காமல், டி.வி.எஸ் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஆனையூருக்குப் போனார். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் கூடல் காளைகளின் பலகை தொங்கியது. பூட்டெல்லாம் இல்லை. மாடியில் ஏ.சி. ஓடியது. வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே மூக்குக்கண்ணாடியோடு நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து, "வாங்கண்ணே, நான் பீமாராவ். மேனேஜர். என்ன வேணும்?" என்றார்.

"யாருய்யா இங்க காளை அண்ணன்?" என்றார் கனி. குரல் இருமலில் உடைந்தது.

பீமாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணன் இல்லண்ணே, தங்கச்சி. எழுத்து, படம், வெறகுக் கட்டு அம்புட்டும் அவங்க யோசனைதான். எங்க டிக்கெட்டு போறதே அவங்களாலதான். அந்தா, ஷிபா மேடம்."

ஜன்னலோர மேசையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஷிபா எழுந்து நின்றாள்.

கனி பீமாராவைப் பார்த்து, "தப்பான எடத்துக்கு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஷிபா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அத்தா, ஆடிட்டர்ட்ட மூணு மாசம்தான் இருந்தேன். பெறகு இங்க எடுத்துக்கிட்டாங்க. சொல்லலாம்னு நெனைக்கிறப்பத்தான் நீங்க இந்த வெப்சைட்டத் திட்ட ஆரம்பிச்சீங்க."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

ஷிபா தலையசைத்தாள். குழம்புச் சட்டியிலிருந்து திரும்பாத முகம் கனிக்கு இப்போதுதான் விளங்கியது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறார். வீட்டை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

"எழுதுறது நான்தான்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"நம்பரப் பார்த்ததுமே, அத்தா."

"அப்ப, மக பேசுறதில்லன்னு நான் எழுதுனப்ப..."

"தெரியும்."

"கேட்டுப் பாருங்கன்னு சொன்னது?" கனி மகளின் கண்ணை நேராகப் பார்த்தார். "ஏம்மா, யாவாரத்துக்கு ஆளப் படிக்கிற மாதிரியே என்னையும் படிச்சுட்டியா? நானும் ஒனக்கு ஒரு கஸ்டமரா?"

மறுத்துவிடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். ஷிபாவோ, "கொஞ்சம் அப்படித்தான் அத்தா" என்றாள். "ஆனா நீங்க எழுதுனதப் படிச்சுட்டு அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல. அழுதுட்டு இருந்தேன். பீமாராவ் சாரக் கேட்டுப் பாருங்க."

சாட்சிக்கு ஆள் வைத்துக்கொண்டு பேசுகிறாளே என்று கனிக்குத் தோன்றியது. அழுதது நிஜமாகவும் இருக்கலாம். அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஏறிப் போனார்.

அதன் பிறகு வீட்டில் கனி, மெஹருன்னிசா வைக்கும் சோற்றைச் சாப்பிட்டார்; கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். மனைவி ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் பேசிவிட்டாள்.

"என்னங்க, புள்ள திருடிட்டா வந்துச்சு? சின்னதுல பள்ளிக்கூடம் விட்டதும் ஒங்க கடையிலதான உக்காந்திருக்கும்? நீங்க பேசுனத எல்லாம் கேட்டுக்கிட்டே வளந்துச்சு. வேற எங்க போயிக் கத்துக்கும்?"

"நான் பொய் சொன்னா நாளைக்கு வாங்குனவன் வந்து என் சட்டையப் பிடிப்பான். இவ சட்டைய யாரு பிடிக்க முடியும்? காளை மாட்டப் போட்டுக்கிட்டு ஒளிஞ்சுல்ல இருக்கா" என்றார் கனி.

அந்த வாரத்தில் பீமாராவ் கடைக்கு வந்தார். கப்பலூரில் தைத்து வரும் ஜெர்சிகளை, நகரத்துக்குள் ஆட்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ள ஒரு கடை வேண்டுமாம். வெப்சைட்டில் பணம் கட்டிவிட்டு இங்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். ஷிபா அனுப்பியதா என்று கனி கேட்டார். அவளுக்குத் தெரியாது என்றார் பீமாராவ். கனி அதை நம்பவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார். வருகிறவர்கள் முழங்கால் பட்டையும் வாங்குவார்கள் என்பது ஒரு கணக்கு. சந்தேகப்படுகிற சரக்கைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதுதான் புத்தி என்பது இன்னொன்று.

மூட்டை மூட்டையாக ஜெர்சி வந்து இறங்கியது. கடைக்குள் நடக்க இடமில்லை. அன்றும் வெப்சைட்டில், 'இன்னும் ரெண்டே ரெண்டுதான்' என்று சிவப்பில் மினுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெண் கடைப்படியில் வந்து நின்றாள். சேலைக் கரையில் சேறு காயாமல் இருந்தது. "மேலூர்ல இருந்து வாரேன். பேரு தங்கப்பொண்ணு. அக்கா மகளுக்குச் சட்டை வேணும். கபடி ஆடுற புள்ள" என்றாள். பேசிக்கொண்டே உள்ளே பார்த்தவள், மூட்டைகளைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

"இது அம்புட்டும் அதே சட்டையா?"

கனி தலையை மட்டும் ஆட்டினார்.

"ரெண்டே ரெண்டுதான் இருக்குன்னு போட்டிருந்துச்சே பாய்! வயல்ல நடவு ஆளுகள விட்டுட்டு, பஸ்ஸு கெடைக்காம நின்னு ஓடியாந்திருக்கேன். என்ன இது?"

இப்போதுதான் வந்து இறங்கியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அந்த அம்மாள் ஆறிவிடுவாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளைக் காப்பாற்றுகிற பொய். கனி அதை விழுங்கிவிட்டு, போனை எடுத்து ஷிபாவைக் கூப்பிட்டார். அவள் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார்.

"இந்தாங்கம்மா. அத எழுதுன ஆளுட்டயே கேளுங்க."

தங்கப்பொண்ணு போனை வாயருகே பிடித்துக்கொண்டு, நடவையும் பஸ்ஸையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஷிபா பாகு மாதிரி ஆரம்பித்தாள்: "அக்கா, உங்க அலைச்சலுக்கு ரொம்ப வருத்தப்படுறோம். அடுத்த ஆட்டத்துக்கு உங்க குடும்பத்துக்கே..."

"ஏத்தா, நல்லாத்தான் பேசுற. நான் கேட்டதுக்குப் பதிலச் சொல்லு. ரெண்டுதான் இருந்துச்சா, இல்லையா?"

கனி மூட்டையின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இல்லக்கா. நெறைய இருக்கு. சும்மா போட்டேன். நான்தான் போட்டேன்" என்றாள் ஷிபா. குரலில் பாகு இல்லை.

தங்கப்பொண்ணு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்ல புள்ளையத்தான் வேலைக்கு வச்சிருக்காக" என்று கசந்துகொண்டாள். பிறகு, "வந்தது வந்துட்டேன், ஒண்ணக் குடுங்க" என்றாள். கனி நல்ல தையலாகத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் விரித்துக் காட்டிக் கொடுத்தார். பில்லில் அவள் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தச் சிவப்பு வரி வெப்சைட்டிலிருந்து போய்விட்டது. பார்த்துக்கொண்டிருப்பவர்களின் எண்ணும் போனது. டிக்கெட் கடிகாரம் மட்டும் போகவில்லை. அதற்குப் பீமாராவ் ஒப்பவில்லையாம். இருளாயியின் விறகும் அப்படியே இருந்தது. ஜெர்சி விற்பனை கொஞ்ச நாள் படுத்து, முதல் ஆட்டம் முடிந்ததும் மெல்ல எழுந்தது. அந்த ஆட்டத்தில் காளைகள் தோற்றார்கள்.

விற்பனையும் தோல்வியும் பிறகு நடந்தவை. அன்று சாயங்காலம் ஷிபா வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தா, அந்த மேலூர்க்கார அக்கா வெப்சைட்டுல நம்பர் குடுக்கல. நேர்ல வந்து வாங்கிட்டாங்க. உங்ககிட்ட இருக்கா?"

கனி மகளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு? மன்னிப்புக் கேக்கவா, டிக்கெட்டு விக்கவா?"

ஷிபா பையை இறக்கி வைத்தாள். "ரெண்டுக்கும்தான்."

அடுப்படியில் மெஹருன்னிசாவின் கரண்டிச் சத்தம் நின்றது. கனிக்கு இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நம்பர் இருக்கு. ஆனா அவுங்களக் கேக்காம ஒனக்குத் தரமாட்டேன். உக்காரு. நானே கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலூருக்குப் போன் போட்டார்.